பம்பு வேகம் அறுபத்தைந்து

அக். 14, திங்.
விடியற்காலையிலிருந்து மழை. ஒடுகத்தூர் ரோட்டில் மண் சரிந்து பஸ் இல்லை. என் வீட்டுக்காரர் குடை பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனார், வாத்தியாருக்கு லீவு இல்லை. வீட்டில் நானும் அத்தையும். இரண்டு அறை, நடுவில் ஒரு சுவர்.

சென்னை அனிமேஷன் கம்பெனி வேலைக்குக் கேட்ட பரீட்சைப் படம்: இருபது நொடி, வெள்ளத்தில் மிதக்கும் வீடு. வெள்ளிக்குள் அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டர் இரண்டு நாள் நிற்காமல் ஓடினால்தான் முடியும். கல்யாணத்துக்கு முன் வேலூரில் நானே பாகம் வாங்கிச் சேர்த்தது. உள்ளே குழாயில் தண்ணீர் சுற்றிச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். தண்ணீரைத் தள்ள ஒரு சின்னப் பம்பு. அதன் சத்தம்தான் சிக்கல்.

அத்தை: "இன்னாம்மா அது, காதுல வண்டு பூந்தாப்ல? படுத்தா வூடே சுத்துது."

ஆறு மாதமாகத் தலைச்சுற்றல். பொய் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்.

அக். 15, செவ்.
பம்பு வேகத்தை 40 சதவீதத்துக்கு இறக்கினேன். அமைதி. அத்தை தூங்கினார். சூடு 80, 88, 95. மத்தியானம் மெஷின் தானாக அணைந்தது. வெள்ளக் காட்சி முதலிலிருந்து.

சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன்.

"ரெண்டு நாள் வுடேன். அம்மாக்கு சரியானதும் செய்."

"வெள்ளிக்கெழம கடைசிங்க."

"வேற கம்பெனியா இல்ல?"

தட்டைப் பார்த்தபடியே கேட்டார். மூன்று வருடமாக இதே 'வேற'.

அக். 16, புத.
மழை. துணி காயவில்லை. உளுந்து தீர்ந்தது.

பம்பைத் தானியங்கியில் விட்டேன். சூடு ஏறினால் வேகம், இறங்கினால் மெதுவாக. தப்பு. சத்தமும் கூடவே ஏறி இறங்கி, ஏறி இறங்கி. அத்தை வாந்தி எடுத்தார். துடைத்தேன். "நீ வேணும்னு செய்யல, தெரியும்" என்றார். அழுகை வந்தது. கோபப்படக்கூட ஆள் இல்லை.

அணைத்துவிட்டு யோசித்தேன். சத்தத்தின் அளவைவிட அது மாறிக்கொண்டே இருப்பதுதான் படுத்துகிறது. கை வைத்துப் பார்த்தேன். பம்பு பெட்டியை அதிரவைக்கிறது, பெட்டி மேசையை, மேசை சுவரை.

செய்தது:
– மேசை சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி
– பம்புக்கு அடியில் பழைய ரப்பர் செருப்பு, நாலு துண்டு
– வேகம் 65, மாறாமல். விசிறிகளின் வேகம் கொஞ்சம் கூடுதல்

சூடு 79. அங்கேயே நின்றது. கால் மணி நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப எப்டி இருக்குங்கத்த?"

"இன்னா எப்டி? மழ சத்தந்தான் கேக்குது."

அக். 18, வெள்.
காலை பத்துக்குப் படம் முடிந்தது. சிக்னலுக்காக மேட்டுக்குப் போய் நனைந்துகொண்டே அனுப்பினேன். வீட்டுக்குத் திரும்ப மனசு இல்லை. திரும்பினேன். சாமைச் சோறு, ரசம்.

அக். 22, செவ்.
வேலை கிடைத்துவிட்டது!

போனில் ஒரு பெண்: "உங்க சிஸ்டமே போதுங்க. அங்க இருந்தே பண்ணலாம், சென்னைக்கு வரவே வேணாம்."

அவர் சிரித்தார். "பாத்தியா? எங்கியும் போவ வேணாம்." அத்தைக்கும் சந்தோஷம், கேசரி கேட்டார். கிண்டினேன். அடிபிடித்தது.

சென்னைக்குப் போகலாம் என்றுதான் அந்தப் படத்தையே செய்தேன். யாரிடமும் சொன்னதில்லை. இந்த நோட்டில்கூட இன்றுதான் எழுதுகிறேன்.

அக். 23, புத.
வெயில். பஸ் வந்துவிட்டது.

கம்பெனிக்கு எழுதினேன்: நேரில் வந்து வேலை செய்ய விருப்பம், இடம் உண்டா? மூன்று தடவை அழித்து நான்காவது தடவை அனுப்பினேன். மதியமே பதில். ஒன்றாம் தேதி சேரலாம்.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன்.

"அம்மாவ யாரு பாக்கறது?"

"அத ரெண்டு பேரும் யோசிக்கலாம்ங்க. ஆனா நான் போறேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கொடியிலிருந்து துணி எடுத்து மடித்துக்கொண்டிருக்கிறேன். என்னுடையது தனியாக.