துரைக்குக் கட்டிய கயிறு

ஜூன் 3, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. துரைக்குப் பின்னங்கால் இன்னும் மோசம். பாதம் மடங்கி, நகம் உரசி, வாசலெல்லாம் ரத்தம். ரப்பர் தோட்டத்தில் என்னை விரட்டிய துரையின் நினைவாக இந்த நாய்க்கு வைத்த பெயர். கூப்பிட்டால் ஓடி வரட்டும் என்று.

சாக்கை மடித்து வயிற்றடியில் கொடுத்தேன். முனைகளில் தேங்காய்நார்க் கயிறு. தூக்கிப் பிடித்தால் நடக்கிறான். போதும்.

ஜூன் 4, புதன்

படகில் அக்கரை, சாத்தம் வரை. அங்கிருந்து ஆட்டோ, மாட்டாஸ்பத்திரி. ஹிந்திக்கார டாக்டர், சின்ன வயசு. முதுகுத்தண்டில் நரம்பு சாகிறதாம். மருந்து கிடையாது. வலி இல்லை. பிறகு இடுப்புப் பக்கம் குனிந்து பார்த்து, "யே நஹி சலேகா, அம்மா" என்றான். நடக்க மாட்டானாம்! மேற்கொண்டு கேட்க நிற்கவில்லை.

திரும்பும் படகில் மகன் செல்வம்: "டாக்டரே கைவிட்டுட்டாரு. ஊசி போட்டுரலாம்மா. பாவம் அது."

"ஒனக்கு டைபாய்டு வந்தப்ப ஒங்க பெரியப்பனும் கைவிட்டுட்டான். அன்னிக்கே ஒனக்குப் போட்டிருக்கணும்."

ஜூன் 5, வியாழன்

செல்வத்தோடு பேச்சில்லை. அவனுக்குக் குழம்பு. மீன் துண்டு துரைக்கு. சனிக்கிழமை ஊசிக்குச் சொல்லிவிட்டானாம், என்னைக் கேட்காமல். வரட்டும் சனி.

ஜூன் 7, சனி

வெயில். சாக்கைப் பிடித்து, டாக்டர் மேசை வரை துரையை நடத்திக் காட்டினேன். "தேகோ! சல்தா ஹை!" பார், நடக்கிறான் என்று.

டாக்டர் விழித்தார். பிறகு ஒரே சிரிப்பு. கயிற்றைத் தொட்டார். "யே, அம்மா. யே நஹி சலேகா."

கயிறு! கயிறு சரிப்படாது, தோலை அறுக்கும் என்றாராம் அன்றைக்கு. நடப்பதற்கும் சலேகா, சரிப்படுவதற்கும் சலேகா. எனக்குத் தெரியாத ஹிந்தியா? விரலை நீட்டிச் சொல்லியிருக்கலாம் அவர்.

செல்வம் ஊசிப் பேச்சை எடுத்தான். டாக்டர் தலையாட்டவில்லை. பின்னங்கால் போகும், மெல்ல முன்னங்காலும் போகும். நன்றாகச் சாப்பிடுகிறான், ஆளைக் கண்டால் காது நிமிர்கிறது, இப்போது எதற்கு அவசரம் என்றார். நேரம் வந்தால் அம்மாவே சொல்வார்கள் என்றார்.

சொல்வேன். இப்போது இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

செல்வம் தன் பழைய ஜீன்ஸை அகலமாக வெட்டி, உள்ளே பஞ்சு வைத்துப் பட்டை தைத்திருக்கிறான். தையல் கோணல். அதைத் துரைக்கு மாட்டி, படகு ஜெட்டி வரை போய் வந்தோம். துரை வழியில் ஒரு ஆட்டை முறைத்தான்.

வாசலில் செல்வம்: "சரிப்படுதாம்மா?"

"சலேகா" என்றேன். தமிழில் பேச இன்னும் மனசு வரவில்லை.