அப்பாவின் நாலு மதங்கள்

1999 யூன் 3

இல்லை, கொடுமை என்று சொல்ல முடியாது. சீனிப் போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன், அவ்வளவுதான். திறப்பு என் கைப்பையில்.

அப்பாவின் இடது காலில், பெருவிரலுக்கு அடுத்த விரலில், செருப்பு வார் உரசி வந்த புண் சித்திரையிலிருந்து ஆறவில்லை. டொக்டர் நேற்று அதைப் பார்த்துவிட்டு என்னிடம்தான் பேசினார். புண் அப்பாவுடையது, கண்டனம் எனக்கு.

"சீனி குறையாட்டி விரலை எடுக்கவேண்டி வரும், மிஸ். பிறகு பாதம். அது அங்கயும் நிக்காது."

பஸ்ஸில் வரும்போது அப்பா சொன்னார்: "அவருக்கு வெட்டிப் பழகிப் போச்சு. மரம் அரியிறவன் மாதிரி."

யூன் 5

நானும் சீனியை விட்டுவிட்டேன். ஒருவர் மட்டும் விரதம் இருக்கிற வீடு சிறைச்சாலை. இருவர் இருந்தால் மடம்.

ஊர்ப் பழக்கப்படி அப்பா சீனியைக் கோப்பையில் கரைப்பதில்லை. இடது உள்ளங்கையில் கொட்டி, நக்கி, ஒரு மிடறு தேநீர். மறுபடி நக்கல், மறுபடி மிடறு. இன்று கையில் சீனி இல்லை. இருந்தும் உள்ளங்கையை விரித்தார். நக்கினார். குடித்தார். நக்கினார்.

"என்னப்பா செய்யிறியள்?"

"தேத்தண்ணி குடிக்கிறன்."

பொருள் போன பிறகும் வடிவம் எழுந்து போக மறுக்கிறது. இதை வகுப்பில் சொல்லலாம். (தற்காலிக உதவி விரிவுரையாளர்கள் எதைச் சொன்னாலும் யாரும் எழுதிக்கொள்வதில்லை.)

யூன் 11

பாகற்காய். குரக்கன் பிட்டு. பாகற்காய்.

யூன் 18, வெள்ளி

அப்பாவின் நெற்றியில் திருநீறு.

இதை யாரிடமாவது சொல்லவேண்டும், சொல்ல ஆளில்லை. இடதுசாரிக் கட்சியில் இளமை முழுவதையும் கொடுத்தவர். கல்யாணம் பதிவுக் கந்தோரில். அம்மா இறந்தபோது, கிரியை செய்ய வந்த ஐயரோடு ஆத்மா இருக்கிறதா என்று விவாதித்ததில் ஐயர் பஸ்ஸைத் தவறவிட்டார். அந்த மனிதர் இன்று பின்னேரம் பிள்ளையார் கோயிலிலிருந்து வந்தார்.

"சும்மா போனனான்" என்றார், நான் எதுவும் கேட்காமலே.

கேட்பதில்லை என்று முடிவுசெய்தேன். ஒரு மனிதன் தன் நாத்திகத்தைக் கழற்றி வைக்கும்போது மகள் அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது.

யூன் 22, செவ்வாய்

கீழ்வீட்டு டோரின் அன்ரி பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். வெள்ளவத்தைக்குக் குடிவந்த பிறகும் செவ்வாய் தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போகிறவர். இன்று அவரோடு அப்பாவும்.

"அங்கிள் முட்டுக்கால் போட்டத நீங்க பாத்திருக்கணும், புள்ள! அந்தப் புண்ணுக் காலோட! எனக்கே கண்ணு கலங்கிட்டுது."

உறுப்பு ஒன்றை இழக்கப்போகிறவன் முழுமையைத் தேடிப் போகிறான். நல்ல வாக்கியம். வாக்கியம் நன்றாக இருக்கிறது என்பதற்காக அது உண்மையாகிவிடுமா? ஆனால் முழங்காலில் நின்றிருக்கிறார். அது வாக்கியம் இல்லையே.

யூன் 26

மீலாது, நபி பிறந்தநாள். பக்கத்து வீட்டு நஸீறா வீட்டில் மௌலூது ஓதினார்கள். அப்பா தொப்பி ஒன்றைக் கேட்டு வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு கடைசிவரை இருந்தாராம்.

நஸீறா மதிலுக்கு மேலால்: "உங்கட வாப்பா தங்கமான மனுசன். எங்கட புள்ளைகளே பாதியில எழும்பி ஓடிட்டாங்க. அவர் அசையவே இல்ல."

யூன் 28

போயா, பௌர்ணமி விடுமுறை. பாமன்கடையில் விகாரைக்குப் போய்ப் பூ வைத்து, மணிக்கட்டில் பிரித் நூல் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வரும் வழியில் தன்சல் வரிசையிலும் நின்றாராம். போகிற வருகிற எல்லோருக்கும் இலவசமாக ஏதாவது கொடுப்பார்கள். சனத்தோடு சனமாக நிற்பது நல்லது என்றார். வெள்ளைச் சேட்டில் கோப்பிக் கறை. சவர்க்காரம் போட்டும் போகவில்லை.

பத்து நாளில் நாலு மதம். இது தேடலா, அவசரமா?

என்னைவிடத் துணிந்தவர். நான் ஒன்றைக்கூட முழுதாக நம்பப் பயப்படுகிறேன்.

யூலை 7

இரத்தப் பரிசோதனை. சீனி ஏறியிருக்கிறது. கொஞ்சமாக அல்ல.

டொக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வீட்டில என்ன குடுக்கிறியள்?"

சொன்னேன். குரக்கன், பாகற்காய், வெறும் தேநீர்.

"மிஸ், எனக்குப் பொய் சொல்லிப் பிரயோசனமில்லை. அடுத்த முறையும் இப்பிடியே எண்டா நான் கத்தியோடதான் கதைப்பன்."

அப்பா பக்கத்தில் ஞானி முகத்தோடு இருந்தார். "பிள்ளையைப் பேசாதேங்கோ, டொக்டர். அது நல்லாத்தான் பாக்குது."

வீட்டுக்கு வந்து தேடினேன். தலையணை உறைக்குள், சப்பாத்துக்குள், ரேடியோவின் முதுகுக்குள். ஒன்றும் இல்லை. தேடி முடிந்ததும் வெட்கம். கடவுளோடு பேசிக்கொண்டிருக்கும் மனிதனின் தலையணைக்குள் கைவிட்டிருக்கிறேன்.

அப்படியானால் சீனி எங்கிருந்து வருகிறது? துக்கத்திலிருந்தா? துக்கம் சீனியாக மாறுமா?

யூலை 13, செவ்வாய்

அப்பா வந்துவிட்டார். குளிக்கிறார். தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. அதைக் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

மத்தியானம் டோரின் அன்ரி முக்காடு விலகியது தெரியாமல் படியேறி வந்தார். "அருந்ததி, ஓடி வா! கோயிலடியில பொலிஸ் ரவுண்டப். அங்கிளப் புடிச்சிட்டாங்க. என்னைய போன்னு வெரட்டிட்டாங்க."

அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். சந்தேகப்பட அது மட்டும் போதும். ஆனால் பொலிஸில் போய்ப் பார்த்தால் பிரச்சினை அது மட்டும் இல்லை. அப்பா சுவரோரம் வாங்கில் இருந்தார். முன்னால் மேசையில், அவருடைய பொக்கற்றுகளிலிருந்து எடுத்து வரிசையாக வைத்தவை: கடதாசியில் சுற்றிய மோதகம் இரண்டு. சீனி பணிஸ். பேரீச்சம்பழம் ஒரு பிடி. வாழையிலைத் துண்டில் ஒட்டிக்கொண்ட கறுப்பு இனிப்பு, தொதல்.

சார்ஜன்ட் சிங்களத்தில் என்னிடம் கேட்டார். மிகவும் பொறுமையாக. பெயர் இந்துப் பெயர். பிடிபட்டது கிறிஸ்தவக் கோயில் வாசலில். மணிக்கட்டில் பௌத்தர்கள் கட்டும் நூல். பொக்கற்றில் முஸ்லிம்கள் கொடுத்த பேரீச்சம்பழம், அதைத் தானே ஒப்புக்கொள்கிறார். என்ன மதம் என்று கேட்டால் மதம் இல்லை என்கிறார். இந்த மனிதர் யார்?

நியாயமான கேள்வி. நானும் ஒரு மாதமாக அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சிங்களத்தில் எத்தனையோ கூட்டங்களில் பேசிய அப்பா தமிழில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "உள்ளதைச் சொல்லு, பிள்ளை. இனிப்புக்குத்தான் போறனான். எல்லா இடத்துக்கும்."

மொழிபெயர்க்க முதல் எனக்கு விளங்கவேண்டியிருந்தது. பிள்ளையார், மோதகம். அந்தோனியார், பணிஸ். மௌலூது, வட்டிலப்பம். தன்சல், கோப்பி. கோப்பிக் கறை! கழுவினேனே, என் கையாலேயே கழுவினேனே. நாத்திகர் ஒரு நிமிடம்கூட மனம் மாறவில்லை. நான்தான் அவருக்காக நாலு மதம் மாறியிருக்கிறேன்.

சொன்னேன். என் தகப்பனாருக்குச் சீனி வருத்தம், வீட்டில் இனிப்புக் கொடுப்பதில்லை, ஆகவே கோயில் கோயிலாகப் போகிறார். பையிலிருந்த இரத்தப் பரிசோதனைத் தாளையும் நீட்டினேன். இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

சார்ஜன்ட் தாளை இரண்டு பக்கமும் பார்த்தார். "சீனி வருத்தக்காரர் இனிப்புச் சாப்பிடமாட்டாரே. அப்படியென்றால் இதை வேறு யாருக்கோ கொண்டுபோகிறார். யாருக்கு?"

"ஒருவருக்கும் இல்லை. தான் சாப்பிட."

"சாப்பிடுவாரா?"

"ஓம்."

"அப்படியென்றால் சாப்பிடட்டும்."

எழுதும்போது சிரிப்பு வருகிறது. அங்கே வரவில்லை. வேண்டாம் என்று நான் சொன்னால் அப்பா உள்ளே. உள்ளே போனவர்கள் எப்போது வருவார்கள் என்று கொழும்பில் யாருக்கும் தெரியாது. ஓம் என்றால் விரல். அப்பா மேசையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பூட்டின அலுமாரியின் முன்னால் நிற்கிற அதே முகம்.

"சாப்பிடுங்கோ அப்பா."

"நீ சொல்லுறியா?"

"நான்தான் சொல்லுறன். சாப்பிடுங்கோ."

சாப்பிட்டார். முதலில் பணிஸ். மேலே கிடந்த சீனி மீசையில் ஒட்டியது. பிறகு பேரீச்சம்பழம், ஒவ்வொரு விதையையும் மரியாதையாக உள்ளங்கையில் துப்பி. பொலிஸ்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். அவசரப்படவேண்டாம், புரைக்கேறும் என்றார் சார்ஜன்ட். அப்பா விழுங்குவது ஒவ்வொன்றும் அவர் நிரபராதி என்பதற்குச் சாட்சி. ஒவ்வொன்றையும் நான் அவருடைய காலில் பார்த்தேன். தொதலை இலையிலிருந்து பல்லால் சுரண்டினார். மோதகத்தில் மட்டும் முகம் சுளித்தார். அதைக் கண்டதும் சார்ஜன்ட் நிமிர்ந்தார். நான் கத்தினேன்: "அதையும்! அதையும் முடியுங்கோ!"

முடித்தார். சார்ஜன்டின் முகம் தெளிந்தது. மரியாதைக்கு ஒரு தேநீர் வேறு, மூன்று கரண்டி சீனி போட்டு. பொலிஸ் கொடுக்கும் தேநீரை யார் மறுப்பது?

பஸ்ஸில் நான்: "கடவுளைத் தேடுறியள் எண்டு நினைச்சன்."

"அவரும் அங்கதானே இருந்தவர். நான் ஒண்டும் பேசேல்லை, அவரும் ஒண்டும் பேசேல்லை."

"விசர் மனுசன்! கால் போகப்போகுது எண்டு விளங்கேல்லையா உங்களுக்கு? நான் என்ன, மறியல் காவற்காரியா? ஆருக்காகப் பூட்டினனான்?"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அப்பா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை மோதகம், பிள்ளை" என்றார். "புளிச்சுப்போச்சு."

யூலை 15

காய்ச்சல். விரல் கறுத்திருக்கிறது.

யூலை 16

ஆஸ்பத்திரி. கட்டிலில் கொழுவும் அட்டைக்கு மதம் என்ன என்று தாதி கேட்டார். அப்பா கண்ணைத் திறக்காமல், "நாலையும் போடுங்கோ."

யூலை 19

எடுத்துவிட்டார்கள்.

டொக்டரிடம் கேட்டேன்: செவ்வாய்க்கிழமை சாப்பிட்டதாலா? இல்லை என்றார். அந்த விரல் எப்பவோ போயிட்டுது, நீங்கள் வீணாக யோசிக்கவேண்டாம் என்றார். நம்புவதா? அவர் பொய் சொல்லக்கூடிய அளவுக்கு நல்லவராகத் தெரியவில்லை. நம்புகிறேன்.

யூலை 25

ஊசி மருந்தில் சீனி இறங்குகிறது. தையல் காய்கிறது. இப்படியே போனால் பாதத்துக்குப் பயமில்லை என்று டொக்டர் இன்று அப்பாவிடம் சொன்னார், முதல் தடவையாக என்னிடம் சொல்லாமல்.

பின்னேரம் டோரின் அன்ரி வந்தார். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு யாரும் வருவதில்லை, வந்ததைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. லவ் கேக், வீட்டில் செய்தது, ஒரு பெட்டி நிறைய. "அங்கிளுக்குன்னு ஸ்பெஷலா சீனி கொறைச்சுப் போட்டேன்" என்றார். லவ் கேக்கில் சீனியைக் குறைத்தால் என்ன மிஞ்சும்?

அவர் போன பிறகு அப்பா பெட்டியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். நான் எழவில்லை. தடுக்கவும் இல்லை. பிறகு அவரே விரலால் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"நீ சாப்பிடு."

"நானும் விட்டிட்டன்தானே, அப்பா."

"உனக்கென்ன வருத்தம்? சாப்பிட்டிட்டு எப்பிடி எண்டு சொல்லு."

சாப்பிட்டேன். "இனிக்குது."

"அது எனக்குத் தெரியும். பிறகு?"

"கஜு. பன்னீர் வாசம். ஏலம்."

"எது முதல் வருது?"

"தெரியேல்லை. எல்லாம் ஒண்டா வருது."

"ஒண்டா வராது. இதைச் சொல்லத் தெரியேல்லை, கம்பசில என்னத்தைப் படிப்பிக்கிறாய்?"

பக்கத்துக் கட்டில்காரர் தலையை உயர்த்தி, "றவை நாக்கில படுதோ எண்டு பாருங்கோ, தங்கச்சி" என்றார்.

இன்னொரு துண்டு எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மென்றேன். விழுங்கிய பிறகு, முதல் வந்தது எது என்பதிலிருந்து ஒவ்வொன்றாக இருவருக்கும் சொல்லத் தொடங்கினேன்.