வாப்பா பேர் என்ன என்று டீச்சரம்மா கேட்டார்

786

பெரியபட்டினம்
10-7-1955

கண்ணுக்குக் கண்ணான மகன் ஹமீது சுல்தானுக்கு, வாப்பா வாவு முகம்மது அஸ்ஸலாமு அலைக்கும் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாரும் நல்ல சுகம், கொழும்பில் நீயும் கடையில் உள்ளவர்களும் அப்படியே இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம். கச்சான் காற்று பிடித்துக்கொண்டதால் வீடெல்லாம் மணல், சோற்றில்கூட மணல் கடிபடுகிறது, உன் உம்மா நாள் முழுக்கக் காற்றை வைகிறாள், காற்று கேட்கிற மாதிரித் தெரியவில்லை. நீ கொடுத்தனுப்பிய தைலத்தை, கொழும்பிலிருந்து வந்த மதார் வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார். உன் உம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் அது தைலத்தாலா, உன்னைக் கண்ணால் பார்த்த மனுசர் எதிரே வந்து உட்கார்ந்ததாலா என்று எனக்குச் சந்தேகம். அவள் டீயை மாற்றி மாற்றி ஊற்றிக் கொடுத்து, தம்பி மெலிஞ்சிருக்கானா, சொல்லுங்க, மெலிஞ்சிருக்கானா என்று அவரை எழுந்திருக்க விடவில்லை. அவரும் இல்லவே இல்லை என்று சாதித்துவிட்டு, வாசலைத் தாண்டியதும் என்னிடம் மட்டும் மெலிந்துதான் இருக்கிறான் என்றார். சாப்பாட்டு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம்.

பேத்தி சாலிஹாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்றா, என்ன படிக்கிறாள் என்று கேட்டிருந்தாய். சேர்த்தாயிற்று. விடிந்ததும் ஓதப் போகிறாள், வந்து கஞ்சி குடித்துவிட்டுச் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள், என்னைவிட அவளுக்குத்தான் வேலை அதிகம். ஒன்றாம் வகுப்புக்கு ராமநாதபுரத்திலிருந்து சண்முகவள்ளி என்று ஒரு டீச்சரம்மா வந்திருக்கிறார். வந்த உடனேயே பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லாரும் வர வேண்டும், இந்தப் பருவத்தில் என்ன சொல்லிக் கொடுக்கப் போகிறேன் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். பெற்றவர்கள் பாதிப் பேர் கொழும்பிலும் பினாங்கிலும் இருக்கிறார்கள், பெண்கள் வர மாட்டார்கள், ஆகவே கிழடுகள் நாங்கள்தான் போனோம். பிள்ளைகள் உட்காரும் பலகையில் நானும் பக்கத்துத் தெரு சதக்கத்துல்லாவும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கோலத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கால் பரீட்சைக்குள் உயிரெழுத்து எல்லாம் வந்துவிட வேண்டுமாம், முதலில் மணலில் விரலால், கை படிந்த பிறகு சிலேட்டில். நூறு வரைக்கும் சொல்ல வேண்டும், இருபது வரைக்கும் எழுத வேண்டும், புளியங்கொட்டையை வைத்துக் கூட்டல். அப்புறம் கிழமைகள், நாலு திசை, நகம் வெட்டிக்கொள்வது, ஒரு கதையைக் கேட்டுவிட்டு அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்வது. இது எல்லாவற்றுக்கும் முன்னால் முதல் பாடம், தன் பேர், வாப்பா பேர், ஊர்ப் பேர் மூன்றையும் எழுந்து நின்று பயப்படாமல் உரக்கச் சொல்வது என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இதற்கு ஒரு பாடமா, இது தெரியாத பிள்ளையும் உண்டா என்று கேட்டேன். டீச்சரம்மா சிரிக்கவில்லை. போன வருசம் ஏர்வாடிச் சந்தனக்கூட்டுக் கூட்டத்தில் ஒரு பிள்ளை கை தவறிப்போய், வாப்பா பேர் என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம் வாப்பா, வாப்பா என்றே சொல்லி அழுததாம், மைக்கில் யார் பிள்ளை என்று கூப்பிட வழியில்லாமல் விடிகிற வரைக்கும் வைத்திருந்தார்களாம்.

மறுநாள் நம் பிள்ளையின் முறை வந்தது. எழுந்து நின்று, பேர் சாலிஹா, ஊர் பெரியபட்டினம் என்று நன்றாகத்தான் சொன்னாளாம். வாப்பா பேர் என்றதும் கொழும்பார் என்றாளாம். அது பேர் இல்லம்மா, ஊர வச்சுக் கூப்பிடறது என்று டீச்சரம்மா சொன்னதற்கு, எல்லாரும் அப்புடித்தான் சொல்றாக, எங்க வீடே கொழும்பார் வீடுதான் என்று சண்டைக்கு நின்றிருக்கிறாள். வகுப்பில் ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லையாம், ஏனென்றால் அடுத்து எழுந்த பிள்ளை தன் வாப்பா பேர் பினாங்கார் என்றதாம். வீட்டில் கேட்டுக்கொண்டு வா என்று டீச்சரம்மா அனுப்பிவிட்டார்.

இதைக் கேட்டு நான் முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால் அந்தப் பிள்ளைமேல் என்ன தப்பு, அவள் எங்கே போய் உன் பேரைக் கேட்டிருப்பாள்? உனக்கு என் வாப்பாவின் பேரை வைத்தோம். மாமனார் பேர் என்று உன் உம்மா அதை வாயால் சொன்னதே இல்லை, தொட்டிலில் போட்ட நாளிலிருந்து அவளுக்கு நீ தம்பிதான். என்னைப் பெற்றவர் பேரைச் சொல்லி ஏலே என்று கூப்பிட எனக்கும் நாக்கு வராது, நானும் தம்பி என்றே பழகிவிட்டேன். லத்தீபா கட்டின புருசன் பேரைச் சொல்வாளா, ஊராருக்கோ நீ கொழும்பார். நீ கப்பலேறும்போது சாலிஹா வயிற்றில் இருந்தாள், அவள் பிறந்து இத்தனை வருசத்தில் இந்த வீட்டில் உன் பேரைக் கண்டது தபால் உறை ஒன்றுதான். பிள்ளை உம்மாவிடம் போய்க் கேட்டிருக்கிறாள், லத்தீபா முகம் சிவந்து மாமிட்ட கேளு என்றிருக்கிறாள், உன் உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, நான் எப்புடிப் புள்ள சொல்லுவேன் என்று என்னிடம் தள்ளிவிட்டாள். மடியில் உட்கார வைத்து நான்தான் சொன்னேன். ஹமீது சுல்தான், ஹமீது சுல்தான் என்று நாலைந்து தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இம்புட்டு நீளமா என்று கேட்டாள். அப்புறம், இந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா வாப்பா திரும்பிப் பாப்பாகளா என்றாள். பார்ப்பார் என்றேன்.

நீ வராததற்குக் காரணம் தெரியாதவன் இல்லை நான். முன்பெல்லாம் ராமேஸ்வரம் போய் வருகிற மாதிரி தலைமன்னாருக்குப் போய் வந்தோம், கடல் அதே கடல்தான், இப்போது விசா, பெர்மிட் என்று குறுக்கே ஆயிரம் வந்துவிட்டது. வந்தவன் திரும்பிப் போக முடியாமல் இங்கேயே நின்றுவிட்டால் கடை என்ன ஆகும் என்று நீ பயப்படுவது நியாயம். கடை போனால் போகட்டும் என்று வீரம் பேச எனக்கு வாய் வரவில்லை, அந்தக் கடையில்தான் நாம் எல்லாரும் சாப்பிடுகிறோம். ஆனாலும் சொல்கிறேன், ஒரு தரம் வந்து போ. உன் உம்மா சொல்லி எழுதவில்லை, அவள் அழுவாளே தவிர வா என்று கேட்க மாட்டாள். லத்தீபாவும் கேட்க மாட்டாள். நான்தான் கேட்கிறேன். பருவம் முடிகிற அன்று பெற்றவர்களை உட்கார வைத்துப் பிள்ளைகள் படித்ததையெல்லாம் சொல்லிக் காட்டப் போகிறார்களாம். கூப்பிட்டால் நான் போய் அந்தப் பலகையில் உட்காருவேன், அது ஒன்றும் பெரிதில்லை. அந்தப் பேருக்கு உரியவன் உட்கார்ந்திருந்தால் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று நீயே நினைத்துப் பார்.

இன்னொன்றும் எழுத வேண்டும், எழுதலாமா என்று யோசித்தேன். அந்தப் பாடம் பள்ளிக்கூடத்தில் முடிந்துவிட்டது, இப்போது இ, ஈ எழுதுகிறார்கள். நம் வீட்டில்தான் முடியவில்லை. பொழுது சாய்ந்து மஃரிபு தொழுதுவிட்டு நான் வரும்போது அடுப்படியில் லத்தீபா பிள்ளையிடம் பாடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பேர் என்னா, ஊர் என்னா என்று அவசரமாகத் தாண்டிவிட்டு வாப்பா பேர் என்னா என்று கேட்கிறாள். சாலிஹா கத்திச் சொல்கிறாள். சரியாக் கேக்கல, இன்னொரு தரம் சொல்லு என்கிறாள். தினமும் இதுதான். நேற்றுப் பிள்ளை அலுத்துப்போய், ஒனக்குத்தான் தெரியுமேம்மா, எத்தன தரம் சொல்றது என்று கேட்டுவிட்டது. லத்தீபா அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள். பிறகு, இன்னொரு தரம் சொல்லு புள்ள என்றாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டு, செருப்பைச் சத்தமாகத் தட்டிப் போட்ட பிறகு உள்ளே போனேன்.

அல்லாஹ் உனக்கு உடல் சுகத்தையும் பரக்கத்தையும் தந்து, வழியையும் லேசாக்கித் தருவானாக, ஆமீன். உன் உம்மாவின் துஆவும் லத்தீபாவின் சலாமும் சாலிஹாவின் முத்தமும் இதில் இருக்கின்றன. விசா விவரம் தெரிந்தவர்களைக் கேட்டு மறு தபாலில் எழுது, மறக்காதே. சாலிஹா சிலேட்டை இரண்டு தரம் போட்டு உடைத்துவிட்டாள், கொழும்பில் உடையாத தகரச் சிலேட்டு கிடைக்கிறதாம். ஒன்று வாங்கி வை. வருகிறவர்கள் யாரிடமும் கொடுத்து அனுப்பாதே, நீ கொண்டு வா.

இப்படிக்கு,
உன் வாப்பா
வாவு முகம்மது