ஓடைப் பாசியின் நடுநரம்பு

1934 நவம்பர் 12, திங்கள்
விடாத தூறல். செருப்பு ஊறிவிட்டது. கல்கத்தாப் பாசி நிபுணரிடமிருந்து பதில். எட்டு மாதக் காத்திருப்புக்கு நான்கு வரி. அழகர்மலை ஓடையில் நான் எடுத்தது புது இனம் இல்லையாம், சாதாரணப் பாசிதானாம். "இலையின் நடுநரம்பு நுனிவரை ஓடுகிறது. மீண்டும் பாருங்கள்."
அவர் பார்த்தது வேறு இலையாக இருக்கும். மனைவி செல்லத்திடம் சொல்லவில்லை.

13, செவ்வாய்
காலேஜில் வகுப்பு முடிந்ததும் மைக்ராஸ்கோப்.
அ (சாதாரணம், என் பழைய படத்தின்படி): மஞ்சள் கலந்த பச்சை. நுனி கூர். நரம்பு நுனிவரை.
ஆ (என்னுடையது): அதே நிறம், அதே கூர். காய்ந்தால் தண்டோடு ஒட்டுவதும் அப்படியே. நரம்பு மட்டும் முக்கால் தூரத்தில் நின்றுவிடும்.
வேறு வித்தியாசம் கிடையாது. நான்கு வருட உழைப்பு இதில்தான்.
ஆ-வில் இருபது இலை பார்த்தேன். இருபதிலும் நிற்கிறது. நிம்மதி.
பேராசிரியர் எட்டிப் பார்த்தார். "இன்னும் பாசிதானா? வழுக்கி விழுந்துறாதீரும்." சிரித்து வைத்தேன்.

15, வியாழன்
வெயில். கத்தரிக்காய் வாங்க மறந்தாயிற்று.
அ-வை ஆறு வருடம் முன்பு பார்த்து வரைந்ததோடு சரி. அப்போது அந்த இலையை ஒட்டிவைத்த கண்ணாடித் துண்டை இன்று எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.
அதிலும் முக்காலில் நிற்கிறது.
என் பழைய படத்தில் நுனிவரை போகிறது. லென்ஸைத் துடைத்தேன். ஜன்னல் பக்கம் மாறினேன். வலக்கண்ணால் பார்த்தேன், இன்னும் மோசம்.


18, ஞாயிறு
மைக்ராஸ்கோப்பை வீட்டுக்கே கொண்டுவந்து செல்லத்தைப் பார்க்கச் சொன்னேன். முதலில் அ.
"நடுவுல மீன் முள்ளாட்டம் ஒரு கோடு தெரியுதுங்க."
"எதுவரைக்கும் போகுது?"
"கொனை வரைக்கும்."
ஆ-வை வைத்தேன்.
"இதுவும் கொனை வரைக்குந்தான். அதே இலையத்தான திரும்ப வச்சிருக்கீங்க?"
இரண்டு கண்ணாடித் துண்டையும் அவள் முன் வைத்தேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.
"உங்களுக்குத் தெரியலையா?"
"தெரியல."
"எம்புட்டு நாளா?"
அதுவும் தெரியவில்லை. நான்கு வருடமாக இருக்கலாம்.

20, செவ்வாய்
கண் டாக்டர். கூட செல்லம். கூட்டம், இரண்டு மணி நேரம் பெஞ்சில்.
"கண்ணாடி போட்டுப் பிரயோசனமில்ல. உள்ள நரம்பு தேயுது. போனது திரும்பாது. இருக்கிறதும் எம்புட்டு நாளைக்குன்னு சொல்ல முடியாது."
திரும்பும் வழியில் செல்லம் கேட்டாள், "காலேஜ்ல சொல்லணுமா?"
"சொல்லணும்."
"என்னைக்கு?"
நடையை எட்டிப் போட்டேன்.

21, புதன்
காலேஜ் போகவில்லை. கல்கத்தாவுக்கு எழுதினேன்: தாங்கள் சொன்னதே சரி. தவறு என்னுடையது. காரணம் எழுதவில்லை.
வரியெல்லாம் கோணலாகப் போகிறதாம். செல்லம் வேறு தாள் கொடுத்தாள். அதிலும் கோணல். அதையே தபாலில் சேர்த்தாயிற்று.