கண்ணாடியில் பார்த்த தழும்பு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அதேபோல இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் எங்கள் நினைப்பு. உடம்புக்கு என்றுதான் எழுதியிருக்கிறேன், மனசைப் பற்றிக் கேட்டால் இந்தக் கடிதம் முழுக்க அதுதான். போனில் சொல்லலாமே என்பாய். போனில் சொன்னால் நீ பாதியில் புகுந்து விடுங்கப்பா என்று சமாதானம் சொல்லிவிடுவாய், நானும் அதுதான் சாக்கென்று வாயை மூடிக்கொள்வேன். அதனால் எழுதுகிறேன், கடைசி வரை படி.

அம்மாவின் முட்டிவலி பரவாயில்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும் யாரையோ திட்டிக்கொண்டே ஏறுகிறாள், யாரை என்று நான் கேட்பதில்லை. சலூன் ஓடுகிறது, ஆனால் பேச்சு இல்லை. முன்பு ஒரு ஸ்டிரைக் என்றால் பெஞ்சில் இருக்கிற நாலு பேரும் நாலு கட்சியாகக் கத்துவார்கள், நான் கத்தியைத் தூக்கிப் பிடித்து யார் காதாவது போய்விடப் போகிறது, சும்மா இருங்கள் என்பேன். இப்போது நாலு பேரும் குனிந்து ஆளுக்கொரு போனில் ஒரே செய்தியைப் பார்க்கிறார்கள், ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்தை கிடையாது. செய்திக்கும் இப்போது சினிமாவில் வில்லன் வரும்போது அடிக்கிற மேளத்தையே அடிக்கிறார்கள். பஸ் கட்டணம் ஏறினாலும் அதே மேளம், பாலம் இடிந்தாலும் அதே மேளம். நல்லவன் யார் கெட்டவன் யார் என்று முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விரல் அடுத்ததற்குத் தாவிவிடுகிறது. ஊரைச் சொல்லி என்ன, நானும் அப்படித்தான் ஆகிப்போனேன்.

ஆலையை மூடியதை எதிர்த்து ஊர்வலம் போனார்களே, அன்றைக்கு யாரோ எறிந்த கல்லில் பஸ் டிரைவருக்கு ஒரு கண் போனது உனக்குத் தெரியும். எறிந்தவன் முகம் எந்த வீடியோவிலும் இல்லை, பின்மண்டை மட்டும்தான். மறுநாள் கடையில் டி.வி.யில் அதையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். இன்சூரன்ஸ் ஏஜென்டுக்கு முடிவெட்டிக்கொண்டே நான் பார்த்தேன், இரட்டைச் சுழி, காதுக்குப் பின்னால் கட்டைவிரல் அகலத்துக்கு முடி முளைக்காத தழும்பு. என் வாய் சும்மா இருக்குமா. இது நம்ம வயரிங் வேலை பாக்குற கரண்ட் மாமா தலையாச்சே, இருபது வருஷமா நான் வெட்டுற தலை எனக்குத் தெரியாதா என்று சொல்லிவிட்டேன். ஏஜென்ட் இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே என்று போனைத் தூக்கிப் பிடித்தார். இன்னொரு தடவை சொன்னேன். அதுவும் சீப்பை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் நீயும் பார்த்தாய். கதாநாயகன் நடந்து வரும்போது போடுகிற இசையை எனக்குப் போட்டு, சலூன் சிஐடி என்று பேர் வைத்து, லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். முடிவெட்ட வேண்டாதவன்கூடக் கடைக்கு வந்து என்னோடு போட்டோ எடுத்துக்கொண்டான். நீயும் உன் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டு எங்கப்பா கண்ணுக்கு எந்தத் தலையும் தப்பாது என்று எழுதினாய். அதை அம்மாவிடம் மூன்று தடவை படித்துக் காட்டினேன், மறைக்க என்ன இருக்கிறது. மறுநாள் சாயங்காலம் கரண்ட் மாமாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்குத் தனியாகக் கிணற்று மோட்டார் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவர் சொன்னதற்குச் சாட்சி இல்லை. தழும்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள், இருந்தது, போதும் என்றுவிட்டார்கள். எந்தக் காது என்று நானும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

ஆறு நாள் கழித்து கடையில் ஆள் இல்லாத நேரம், கூட்டிக்கொண்டிருந்தேன். டி.வி.யில் மறுபடி அந்தக் காட்சி வந்தது. நம் கடை டி.வி. எங்கே இருக்கிறது என்று உனக்கு நினைவிருக்கும், பெஞ்சுக்கு மேலே, என் முதுகுக்குப் பின்னால். இத்தனை வருஷமும் நான் அதை எதிரே இருக்கிற கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறேன், எழுத்தெல்லாம் திரும்பித் தெரியும், காதால் கேட்டுக்கொள்வேன். அன்றைக்குத் துடைப்பத்தோடு நேராகப் பார்த்தேன். தழும்பு இடது காதுக்குப் பின்னால் இருந்தது. கரண்ட் மாமாவுக்கு வலது காதுக்குப் பின்னால், நீ குழந்தையாக இருந்தபோது நம் வீட்டு ஏணியிலிருந்து விழுந்து வந்த தழும்பு அது. திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தேன், வலது. நேரே பார்த்தேன், இடது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், இந்தத் தவளை அடுத்தவன் குடியைக் கெடுத்தது.

இப்போது எழுதுவதுதான் கஷ்டமாக இருக்கிறது. தெரிந்த பிறகும் நாலு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. பயம், அதைவிட வெட்கம். அப்புறம் அம்மாவிடம் சொன்னேன். அவள் சட்டையை எடுத்துக் கொடுத்தாள், கிளம்பு என்று. ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர், ஊரே பாத்த பிறகு இப்ப வந்து மாத்திச் சொன்னா எப்படிங்க, கோர்ட்ல சொல்லிக்குங்க என்றார். ஏஜென்டைப் பிடித்து நான் பார்த்தது தப்பு என்று இன்னொரு வீடியோ எடுக்கச் சொன்னேன். போட்டார், இதுக்கு என்ன மியூசிக்ண்ணே போடறது என்று கேட்டுவிட்டு. பத்தொன்பது பேர் பார்த்தார்கள், அதில் நானும் அம்மாவும் இரண்டு பேர். கரண்ட் மாமா வீட்டுக்குப் போனேன். அத்தை கதவைப் பாதிதான் திறந்தாள். அது அவர் தலை இல்லைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும், நானும்தானே தினம் பாக்கறேன், என்கிட்ட யாரு கேட்டா என்றாள். கதவைச் சாத்திவிட்டாள், நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பத்தொன்பது நாள் உள்ளே இருந்துவிட்டு மாமா போன வாரம் ஜாமீனில் வந்திருக்கிறார். மூன்று ஆபீஸ் கட்டடத்துக்கு அவர்தான் வயரிங் பார்த்துக்கொண்டிருந்தார், மூன்று இடத்திலும் வர வேண்டாம் என்றுவிட்டார்களாம். இன்று காலை கடைக்கு வந்தார். பெஞ்சில் இருந்த இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளாமல் நாற்காலியில் உட்கார்ந்து, மொட்டை அடிச்சிடுங்க, பின்னாடியிருந்து பாத்தா யாருக்கும் தெரியக் கூடாது என்றார். அடித்தேன். முடி போனதும் அந்தத் தழும்பு முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. வழக்கம்போலக் கைக்கண்ணாடியை எடுத்து அவர் பின்னால் காட்டப் போனேன். வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டார். நீ ஊருக்குக் கிளம்பிய அன்று உன் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த மனுஷன்.

வருகிற பன்னிரண்டாம் தேதி விசாரணை. நான் போய்ச் சொல்லத்தான் போகிறேன், பொய் சொன்னாய் என்று என்னை உள்ளே வைத்தாலும் சரி. நீ பயப்படாதே, வேளாவேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காமல் செய். உன் பக்கத்தில் என் வீடியோ இன்னும் இருக்கிறது, நேற்றுகூட யாரோ அதற்குக் கைதட்டியிருக்கிறார்கள் என்று ஏஜென்ட் காட்டினார். அதை எடுத்துவிடு. எடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதே, எங்கப்பா தப்பாகப் பார்த்தார் என்று அதே இடத்தில் உன் கையால் எழுது. இருபதாவது ஆளாக யாராவது படிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா