தேய்க்க மனம் வராத கற்கள்

லைம்ஸ்டோன் படகுத்துறை அருகே, கென்டக்கி
1796 செப்டம்பர் 14

அன்புள்ள சலோமிக்கு,

நலம். நீயும் உன் அப்பாவும் லங்காஸ்டரில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

துப்பாக்கிக்குச் சக்கிமுக்கிக் கல் தீர்ந்துகொண்டு வருகிறது. இங்கே துறைக் கடையில் விற்கும் கற்கள் பாதிக்குப் பாதி சுண்ணாம்பு. எஃகில் அடித்தால் பொறி வருவதற்குப் பதில் மாவு உதிர்கிறது. உன் அப்பா கடைப் பீப்பாயிலிருந்து ஒரு பொட்டலம் அனுப்பு. அவரை எடுக்கச் சொல்லாதே. நீயே பொறுக்கு.

சோளம் பரவாயில்லை. பன்றி குட்டி போட்டிருக்கிறது.

இதைக் கொண்டுவரும் குதிரை வியாபாரி திரும்பவும் இந்தப் பக்கம் வருவார். அவரிடமே கொடுத்துவிடலாம்.

உன்,
காஸ்பர்


லங்காஸ்டர்
1796 நவம்பர் 3

மதிப்புக்குரிய கணவருக்குச் சலோமி எழுதிக்கொள்வது.

வசந்தத்தில் நான் உங்களை விட்டு மலை தாண்டி அப்பா வீட்டுக்கு வந்த பிறகு நீங்கள் எழுதிய முதல் கடிதம் இது. பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை. பன்றி குட்டி போட்டதில் மகிழ்ச்சி.

அப்பா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன எழுதியிருக்கான் உன் புருஷன்?" என்றார்.

"துப்பாக்கிக்குக் கல்லு கேட்டிருக்காருப்பா."

"கல்லா? பொண்டாட்டி எப்படி இருக்கான்னு ஒரு வார்த்தை கேக்கலையா? நல்லா வந்து வாய்ச்சான் ஊமைக்கோட்டான்!"

அவர் திட்டுவது உங்களுக்குப் புதிதில்லை. எனக்கு மட்டும் அன்றைக்கு அது பிடிக்கவில்லை. அவர் கொட்டாவி விட்டு உள்ளே போன பிறகு பீப்பாயை ஜன்னலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒரு முழுப் பீப்பாயில் உங்கள் துப்பாக்கிக்கு ஆகும் கல் எத்தனை தேறும் என்று நினைக்கிறீர்கள்? என் மடி கூட நிறையவில்லை. பிரெஞ்சுக்காரர்களுடைய தேன் நிறக் கல்லும் இருந்தது, இங்கிலாந்துக் கறுப்பும் இருந்தது. நிறத்தைப் பார்த்து மயங்கி வாங்கிப் போகிறவர்களை நான் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன். நான் வெளிச்சத்தைத்தான் பார்ப்பேன். விளிம்பைத் தூக்கிப் பிடித்தால் வெயில் உள்ளே இறங்க வேண்டும். உள்ளே வெள்ளைப் புள்ளி இருந்தால் அடித்த இடத்தில் உடையும். முதுகு கூனியிருந்தால், கல்லைக் கவ்வுகிற துப்பாக்கிக் குதிரையின் தாடையில் நிற்காது, அடிக்கு அடி வழுக்கும். எல்லாம் சரியாக இருந்தும், ஒன்றோடு ஒன்று தட்டும்போது சத்தம் மந்தமாக வந்தால் அதையும் ஒதுக்கிவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத விரிசல் காதுக்குத் தெரியும்.

தாடையில் வைக்கும்போது கல்லைச் சுற்றித் தோல் வைத்து இறுக்குங்கள். வெறுமனே இறுக்கி உடைப்பதுதான் உங்கள் வழக்கம். தோலும் வெட்டி வைத்திருக்கிறேன். என் பழைய கையுறைதான். எந்தக் கையுறை என்று கேட்டால் உங்களுக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது, தேவாலயத்தில் உங்கள் கையைப் பிடித்த அன்று போட்டிருந்தது.

குளிருக்கு முன் கூரை இடுக்கில் களிமண் பூசிவிடுங்கள். வடக்குப் பக்கம் ஒழுகும்.

இப்படிக்கு,
சலோமி


லைம்ஸ்டோன் அருகே
1797 ஜனவரி 20

அன்புள்ள சலோமிக்கு,

கல் வந்து சேர்ந்தது. கோபித்துக்கொள்ளாதே, அதில் சில பொறி பிடிக்கவில்லை. நீயே பார் என்று திருப்பி அனுப்புகிறேன். வேறு அனுப்பு.

வடக்குப் பக்கம் பூசிவிட்டேன். ஆனாலும் குளிர்கிறது. இந்த வருடம் ஓடை முழுக்க உறைந்துவிட்டது. ஓடைக்கு அந்தப் பக்கத்து டோர்காஸ், அக்கம்பக்கத்தில் ஒருத்தி இருக்கிறாள் என்பதை மறக்க விடுவதில்லை. நேற்று ரொட்டி கொண்டுவந்தாள். "ஏன்யா காஸ்பர், வீட்டுக்குள்ள பேச்சு சத்தம் கேட்டுச்சே, யாரு வந்திருக்கா?" என்றாள். யாரும் வரவில்லை. நான்தான் உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். அவளிடம் கழுதையோடு பேசினேன் என்று சொல்லிவிட்டேன்.

கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது உள்ளங்கையில் அடங்கும் ஒரு செருப்பு கிடைத்தது. மான் தோலில் நான் தைத்தது. ஒன்றுதான் இருக்கிறது. மற்றது உன்னிடமா?

கையுறை நினைவிருக்கிறது. இடது கையில் ஒரு பொத்தான் இல்லை.

உன்,
காஸ்பர்


லங்காஸ்டர்
1797 மார்ச் 26

அன்புள்ள கணவருக்கு,

நீங்கள் திருப்பி அனுப்பிய கற்களை ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். பிறகு உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு எங்கே நின்றது, அழுகை எங்கே ஆரம்பித்தது என்று எனக்கே தெரியவில்லை.

எஃகில் ஒரு தடவை பட்ட கல்லுக்குக்கூட விளிம்பில் தழும்பு இருக்கும். கோழி கொத்தினது போலச் சின்னச் சின்னப் பல் விழுந்திருக்கும். சாம்பல் பூச்சு ஒட்டியிருக்கும், கழுவினாலும் போகாது. உங்கள் கற்களில் எதுவும் இல்லை. நான் பொட்டலம் கட்டின நாளில் எப்படி இருந்தனவோ அப்படியே இருக்கின்றன. என் மடியிலிருந்து போனவற்றில் இவைதான் முதல் தரம். கடைக்காரன் மகளிடம் கல்லைப் பற்றிப் பொய் சொல்லலாம் என்று உங்களுக்கு யார் சொன்னது? பொய் சொல்வதற்கும் கொஞ்சம் பேசிப் பழகியிருக்க வேண்டும், காஸ்பர்.

உங்களுக்குக் கல் வேண்டாம். கடிதம் வேண்டும். அதைக் கேட்க வாய் வரவில்லை. அப்படித்தானே?

நான் ஏன் வந்துவிட்டேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காததையும் சொல்கிறேன். ஏவா போனதால் இல்லை. காய்ச்சலுக்கு யாரைக் கோபிப்பது? குழந்தையைக் குன்றின் மேல் வைத்துவிட்டு வந்து நீங்கள் துப்பாக்கியைத் துடைக்க உட்கார்ந்தீர்கள். மறுநாளும் துடைத்தீர்கள். பனி உருகும்வரை துடைத்தீர்கள். அவள் பெயரை ஒரு தடவை சொல்லுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே நான் சமைத்தேன், பால் கறந்தேன். ஒரு வார்த்தை வந்திருந்தால் நான் மலை ஏறியிருக்க மாட்டேன். அவள் இருந்தாள் என்பதற்கு அந்த வீட்டில் நான் ஒருத்திதான் சாட்சி என்பது போல ஆகிவிட்டது. என்னால் தாங்க முடியவில்லை.

அதே கற்களைத் திருப்பி அனுப்புகிறேன். வேறு அனுப்ப மாட்டேன். இனி எழுதினால் கல்லை விட்டுவிட்டு எழுதுங்கள்.

சலோமி


லைம்ஸ்டோன் அருகே
1797 மே 28

என் சலோமிக்கு,

கல்லை விட்டுவிட்டு எழுதச் சொன்னாய். இந்த ஒரு தடவை முடியாது. ஏனென்றால் இது கல்லால் வந்தது.

முதலில் பயப்படாதே. நன்றாக இருக்கிறேன். எழுதுகிற கை நன்றாக இருக்கிறது. இடது தோளில்தான் கட்டு.

சென்ற மாதம் பட்டப்பகலில் ஒரு தாய்க் கரடி பன்றிப்பட்டிக்குள் இறங்கிவிட்டது. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடினேன். குறி வைத்து இழுத்தேன். டிக். மறுபடி இழுத்தேன். டிக். துப்பாக்கியில் இருந்தது துறைக் கடையின் சுண்ணாம்புக் கல். நீ பொறுக்கியவற்றில் என்னிடம் இருந்த மீதி எல்லாம் என் இடுப்புப் பையில், நீ கட்டின துணியிலேயே இருந்தன. ஒன்றைக்கூட நான் துப்பாக்கியில் மாட்டவில்லை. மாட்டினால் தேயும். தேய்ந்தால் தூக்கிப் போட வேண்டும். நீ வெயிலில் பிடித்துப் பார்த்த கல், உன் காது கேட்டு நல்லது என்று சொன்ன கல். மனம் வரவில்லை. சாயங்காலம் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி கட்டி வைப்பேன். உனக்குத் திருப்பி அனுப்பினவற்றைக்கூட, நீ மறுபடி அனுப்புவாய், கூட ஒரு கடிதம் வரும் என்றுதான் அனுப்பினேன்.

கரடி என்மேல் வந்துவிட்டது. கட்டையால் அதன் மூக்கில் அடித்தேன், அது என் தோளைக் கிழித்தது. நல்ல வேளையாக டோர்காஸின் நாய்கள் வந்து அதன் பின்னங்காலைப் பிடித்தன. நான் வேலிக்கு இந்தப் பக்கம் உருண்டு, பல்லால் பையைக் கிழித்து உன் கல் ஒன்றை மாட்டினேன். தோல் வைத்துத்தான் இறுக்கினேன். முதல் அடியிலேயே பிடித்தது, கரடி விழுந்தது.

டோர்காஸ் கட்டுப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "பையில இவ்வளவு நல்ல கல்ல வச்சுக்கிட்டு இந்தச் சுண்ணாம்பையா மாட்டியிருந்தே? உனக்கென்ன கிறுக்கா?" ஏன் என்று சொன்னேன். அவள் கட்டை இழுத்து முடிச்சுப் போட்டாள். பிறகு, "அடப் பைத்தியக்காரா, இத என்கிட்ட ஏன் சொல்றே? அவகிட்ட சொல்லு" என்றாள்.

அதனால் சொல்கிறேன்.

அன்றைக்குத் துப்பாக்கியைத் துடைத்தேன். கையைச் சும்மா வைத்தால் அது தொட்டிலை ஆட்டப் போயிற்று, சலோமி. காலியான தொட்டிலை. நீ பார்த்துவிடுவாயோ என்று கைக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஏவா. ஏவா. எழுத வருகிறது, பார். குன்றின் மேல் போய் வாயாலும் சொல்கிறேன். ஓநாய் தோண்டாமல் இருக்க ஓடைக் கல் கொண்டுபோய் அடுக்கியிருக்கிறேன். தலைமாட்டில் ஆப்பிள் கன்று வைத்தேன். பிழைத்துக்கொண்டது.

நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். டோர்காஸின் தம்பி இந்த நிலத்தைக் கேட்கிறான். அறுவடை முடிந்ததும் அவனுக்குக் கொடுத்துவிட்டு லங்காஸ்டர் வருகிறேன். உன் அப்பா கடையில் ஆணி நிறுத்துப் போடுகிறேன். அவர் திட்டட்டும். குன்றை டோர்காஸ் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறாள். அது ஒன்றுதான் நெஞ்சை அறுக்கிறது. ஆனால் குன்றில் இருப்பவளுக்கு நான் இல்லாமல் முடியும். எனக்கு நீ இல்லாமல் முடியவில்லை.

உன்,
காஸ்பர்


லங்காஸ்டர்
1797 ஜூலை 30

என் காஸ்பருக்கு,

விற்காதீர்கள். இதை முதலில் படியுங்கள், மற்றதைப் பிறகு படியுங்கள். வாக்குக் கொடுத்திருந்தால் போய்த் திரும்ப வாங்குங்கள். மேற்கே போகிற முதல் ஆளிடம், குதிரையை விரட்டச் சொல்லி இதைக் கொடுத்தனுப்புகிறேன். இது வந்து சேர்வதற்குள் நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் என்ன செய்வேன் என்று சாப்பிடக்கூட முடியவில்லை.

அப்பாவிடம் நீங்கள் வருவதாகச் சொன்னேன். "வரட்டும், வரட்டும். ஆணி நிறுக்க ஆள் வேணும். ஊமையா இருந்தா இன்னும் நல்லது, வாடிக்கைக்காரங்ககிட்ட வம்பு வளக்க மாட்டான்" என்றார். அவருக்கு உள்ளூர சந்தோஷம்தான். ஆனால் கல்லாவுக்குப் பின்னால் உங்களை நிறுத்திப் பார்த்தேன். தலை கூரையில் இடித்துக்கொண்டு, கையில் தராசை வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக மேற்கே பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். என்னால் பார்க்க முடியவில்லை.

ஆப்பிள் கன்று பிழைத்துக்கொண்டது என்று எழுதினீர்களே, அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டில் சாட்சி நான் ஒருத்திதான் என்று எழுதியதற்கு என்னை மன்னியுங்கள். நான் வேண்டியது ஒரு வார்த்தை. நீங்கள் ஒரு மரமே நட்டிருக்கிறீர்கள்.

உங்கள்மேல் கோபமும் இருக்கிறது. நேரில் வந்து திட்டுவதற்காக வைத்திருக்கிறேன். நான் கல் பொறுக்கினது உங்கள் உயிருக்காக. பத்திரப்படுத்திக் கும்பிடுவதற்கா? என் கல்லைக் காப்பாற்ற நீங்கள் செத்துப்போயிருந்தால் அந்தக் கல்லை வைத்து நான் என்ன செய்வது?

இந்தத் தடவை ஒரே ஒரு கல்தான் அனுப்புகிறேன். அதைக் கட்டாயம் மாட்டுங்கள். தேயட்டும். தேய்வதற்குத்தான் கல். மாற்றுவதற்கு மீதி என் பையில் இருக்கிறது, என்னோடு வருகிறது. ஆகஸ்ட் கடைசியில் ஒரு ஸ்விஸ் குடும்பம் வண்டி கட்டுகிறது. அவர்களோடு பிட்ஸ்பர்க் வரை வந்து, செப்டம்பர் முழுக்க அங்கே படகுத்துறைச் சத்திரத்தில், ஆற்றில் தண்ணீர் ஏறிப் படகு புறப்படக் காத்திருப்பேன்.

கல் எதற்குள் இருக்கிறது என்று பாருங்கள். ஜனவரியில் கேட்டீர்கள். பதில் எழுத அப்போது தைரியம் வரவில்லை. அதன் ஜோடிக்குப் பக்கத்தில் வையுங்கள்.

உங்கள்,
சலோமி


பிட்ஸ்பர்க் படகுத்துறைச் சத்திரத்தில் சலோமியிடம் சேர்க்க

லைம்ஸ்டோன்
1797 செப்டம்பர் 10

என் சலோமிக்கு,

விற்கவில்லை. வாக்குத்தான் கொடுத்திருந்தேன். போய்த் திரும்ப வாங்கிக்கொண்டேன். டோர்காஸின் தம்பி, "நீ என்ன ரெண்டு பேச்சுக்காரனா?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டான். டோர்காஸ்தான் அவனை அடக்கினாள்: "அவனப் போய்ப் பேச்சுக்காரன்னு சொன்ன முதல் ஆளு நீதான்டா, போ."

செருப்பு இரண்டும் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கல்லை அன்றே மாட்டிவிட்டேன். சும்மா, குன்றின் மேல் நின்று ஆகாயத்தைப் பார்த்து ஒரு தடவை சுட்டேன். அவளுக்கும் தெரியட்டும் என்று. விளிம்பில் ஒரு சின்னப் பல் விழுந்தது. பார்த்தேன், வருத்தமாக இல்லை.

இலை பழுக்க ஆரம்பித்ததும் கழுதையோடு துறைக்கு வந்துவிடுவேன். ஒவ்வொரு படகையும் பார்ப்பேன். நீ இறங்கும்போது முதலில் என்ன சொல்வது என்று கழுதையிடம் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். அதை இதில் எழுத மாட்டேன். வாயாலேயே சொல்கிறேன்.

உன்,
காஸ்பர்