செந்தேள் கொட்டியே என் கணவர் இறந்தார் என்று மாமியாருக்கு எழுதித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
சுலபா பிவா கரே,
வேரலவாடி, கொங்கண்.

பெறுநர்:
மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்.

பொருள்: கணவரின் மரணக் காரணத்தைத் தெளிவுபடுத்திக் கடிதம் வழங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் பிவா மலைக்கு மேலே உள்ள வறண்ட சீமைக்காரர். செம்பாறைக் கல் வெட்ட வந்தவர், என்னை மணந்து எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டார். கடந்த ஜூனில், முதல் மழைக்கு மறுநாள், குவாரியில் கல்லைப் புரட்டியபோது செந்தேள் அவர் கையில் கொட்டியது.

2. நான் ஓடிப்போனபோது பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எங்க ஊர்லயும் இதே தேள்தான் சுலு. ராத்திரி பூரா கத்துவோம், காலைல ஏர் பூட்டப் போயிருவோம். இதுல அந்த வலிகூட இல்ல. உங்க ஊர்த் தேளு உங்கப்பா மாதிரி, சும்மா மிரட்டும்" என்று சிரித்தார். வலி இல்லை என்றதும் அவரைத் தொட்டுப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் வலி குறைந்து வியர்த்தால்தான் பயப்படுவோம். அவர் சட்டை நனைந்திருந்தது. கை சில்லிட்டிருந்தது.

3. சுகாதார நிலைய மருத்துவர் தாமதிக்காமல் விஷமுறிவு மருந்து ஏற்றினார். மேல்சீமையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். "பயப்படாதீங்கம்மா, சாயங்காலம் நடந்தே வீட்டுக்கு வருவார்" என்றார். சாயங்காலம் என் கணவருக்கு மூச்சிரைத்து, வாயில் நுரை வந்தது. பெரிய மருத்துவமனைக்குப் போகும் வழியில் உயிர் பிரிந்தது. மருத்துவரும் ஆம்புலன்சில் கூடவே இருந்தார். அவர்மேல் எனக்குக் குறை இல்லை.

4. பிறகு அந்த மருத்துவரே என்னிடம் சொன்னார்: "ஒரே இனந்தாம்மா. ஆனா இடத்துக்கு இடம் விஷம் மாறுது. ஒரு ஊர்த் தேளோட விஷத்துல செஞ்ச மருந்து இன்னொரு ஊர்த் தேளுக்கு அவ்வளவாக் கேக்கறதில்ல போலிருக்கு." இதை எழுதி வாங்குவதற்குள் அவர் மாற்றலாகிப் போய்விட்டார். இறப்புச் சான்றில் இதயம் நின்றதாக மட்டுமே உள்ளது.

5. காரியத்துக்கு வந்த என் மாமியார், "தேள் கொட்டி ஆம்பள சாவானா? எம்புள்ளைக்கு என்னத்தடி கலந்து குடுத்த?" என்று கேட்டு, என் மகள் சாயலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர்கள் ஊரார் அனைவரும் அதையே நம்புகிறார்கள். அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்லமாட்டேன். அவர்கள் கண்ட தேள் அப்படி.

6. ஆகவே, மலைக்கு மேலே ஆளைக் கத்தவிடும் அதே செந்தேள் கீழே ஆளைக் கொல்லக்கூடும் என்பதைத் தங்கள் கையொப்பத்துடன் என் மாமியாருக்கும் அவர் ஊர்ப் பஞ்சாயத்துக்கும் எழுத வேண்டுகிறேன். எங்கள் பக்கத்துத் தேள்களின் விஷத்தையும் சேர்த்து மருந்து செய்ய மேலிடத்துக்குப் பரிந்துரைக்கவும் வேண்டுகிறேன்.

7. சென்ற வாரம் மகளைப் பார்க்கப் போயிருந்தேன். அவளுக்குப் பிடித்த மோதகம் செய்து எடுத்துப் போனேன். கையில் வாங்கியவள் முகர்ந்து பார்த்தாள். பிறகு அவள் ஆஜியின், அதாவது என் மாமியாரின், முகத்தைப் பார்த்தாள். தின்னாமல் தரையில் வைத்துவிட்டாள். ஐயா, தாமதிக்காமல் எழுதுங்கள்.

இடம்: வேரலவாடி
நாள்: 14 நவம்பர்

இப்படிக்கு,
சுலபா பிவா கரே